பாட்டா, படிப்பா?

என் வகுப்புக்குப் படிக்கத் தெரியும் என்று நான் ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பக் காரணமும் இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால், செங்கல் சூளைகளின் புகை வந்து சேருகிற இடத்தில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை, இடுப்பளவுக்குப் பலகைச் சுவர், அதற்கு மேலே வெறும் காற்று. காலையில் என் சின்ன வகுப்பு முதல் பாடப் புத்தகத்தை ஒரே குரலில் எடுத்தால் சத்தம் சாலை வரை போகும். மாட்டுவண்டிக்காரர்கள் வண்டியை மெதுவாக ஓட்டிக் கேட்பார்கள். எண்ணெய் விற்க வருகிறவர் ஒருநாள் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கடைசிப் பாடம் முடியும்வரை நின்று கேட்டார். அன்று நான் வீட்டுக்கு நடந்தபோது என் கால் தரையில் பட்டதாக ஞாபகமில்லை.

நான் வாத்தியாரானது வேறு போக்கிடம் இல்லாமல்தான். முதலில் ஓர் ஆபீஸில் கிராணி வேலைக்கு, அதாவது குமாஸ்தா வேலைக்கு, போய் நின்றேன். நான் எழுதியதைப் பெரிய கிராணி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இது தமிழா, இங்கிலீஷா?" என்று கேட்டார். இங்கிலீஷ் என்றேன். "அப்போ நீ தமிழ்ப் பக்கமே போயிடு" என்றார். அந்த ஆசீர்வாதத்தோடு வந்தவன் நான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மீசை இருந்தது என்று நான் சொல்லுவேன், மற்றவர்கள் சொல்லமாட்டார்கள்.

அந்த வருடம் சனிக்கிழமைகளில் தமிழ் வாத்தியார்களுக்குப் பயிற்சி வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். எங்கள் தலைமையாசிரியர், அவரைப் பெரிய வாத்தியார் என்றுதான் அழைப்போம், சனிக்கிழமை தூக்கத்தை இழக்க விரும்பாமல் என்னை அனுப்பி வைத்தார். அங்கே பாடம் எடுத்தவர் மெலிந்த மனிதர். பேசும்போது இருமுவார், இருமும்போதும் பேசுவார். மேல்நாடுகளில் பிள்ளைகளுக்குப் படிப்பு எப்படி வருகிறது என்பதைப் பரிசோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள் என்றார். ஒரு கூட்டத்துக்கு இப்படி, இன்னொரு கூட்டத்துக்கு அப்படி என்று சொல்லிக்கொடுத்து, எந்தக் கூட்டம் நன்றாகப் படிக்கிறது என்று சோதித்துப் பார்ப்பார்களாம். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நாங்கள் அதுவரை பிள்ளைகளைத்தான் சோதித்தோம். சொல்லிக்கொடுக்கிற முறையைச் சோதிக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

"திங்கட்கிழமை போய் ஒன்று செய்து பாருங்கள்" என்றார் அவர். "புத்தகத்தில் படத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேளுங்கள். சொன்னால் படிப்பு. சொல்லாவிட்டால் பாட்டு." பிறகு இருமிக்கொண்டே, "கேட்கும்போது உங்கள் உதட்டை அடக்குங்கள். வாத்தியாரின் உதடும் கண்ணும் விடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது வாத்தியாருக்கே தெரியாது" என்றார்.

என் வகுப்பின் மேல் இருந்த நம்பிக்கையில் நான் பயப்படவில்லை. திங்கட்கிழமை வகுப்பிலேயே கெட்டிக்காரியைக் கூப்பிட்டேன். ஏழு வயதுப் பெண். ரயில்வேயில் தண்டவாளத்தைத் திருப்பிவிடும் பாயின்ஸ்மேன் வேலை பார்த்தவரின் மகள். கூட்டுக் குரலில் இவள் குரல்தான் தலைமைக் குரல். முதல் பாடத்தை விரித்துப் படத்தை மறைத்து, நடுவில் 'பழம்' என்ற சொல்லைத் தொட்டேன்.

"இது என்னம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ராகத்தோடு ஆரம்பித்தாள்: "இது மரம், மரத்தில் கிளி, கிளிக்குப் பசி, கிளி தின்னும் பழம்... பழம், ஐயா!"

"முதலிலிருந்து வராமல் சொல்லு. இது?" வேறு சொல்லைத் தொட்டேன்.

"முதல்லேர்ந்து வராம எப்படிய்யா வரது?" என்றாள். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

அடுத்து வந்த பையன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தங்குதடையில்லாமல் படித்தான். அதற்கடுத்தவன் புத்தகமே கொண்டுவரவில்லை. இருந்தும் நன்றாகப் படித்தான். மதியத்துக்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒரு வருடமாக நான் நடத்திக்கொண்டிருந்தது பள்ளிக்கூடம் அல்ல, பஜனை மடம்.

மறுநாள் எல்லாருக்கும் முதலிலிருந்து ஆரம்பித்தேன், சனிக்கிழமை வகுப்பில் சொன்ன முறைப்படி. அகர வரிசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எழுதச் சுலபமான, நேர்க்கோட்டு எழுத்துகள் மூன்றை எடுத்துக்கொண்டேன்: ட, ப, ம. எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஓசையை மட்டும் சொல்ல வேண்டும். மூன்று எழுத்தும் புள்ளியும் தெரிந்ததும் அதைக்கொண்டு சொல் கட்ட வேண்டும். படம். மடம். பட்டம். ஜவுளிக் கடையில் கெஞ்சி வாங்கிய அட்டைப் பெட்டிகளை வெட்டி, எழுத்துகளைத் தனித்தனியாக எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். பிள்ளைகள் அவற்றை எடுத்து வரிசையாக அடுக்கி ஒவ்வொருவராகப் படிக்க வேண்டும். கூட்டுக் குரல் கிடையாது.

பள்ளிக்கூடம் அமைதியானது. அந்த அமைதிதான் எனக்கு வினை. எண்ணெய்க்காரர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இன்னிக்கு லீவா வாத்தியாரே?" என்று கேட்டார்.

பெரிய வாத்தியார் ஒருநாள் என் கரும்பலகை முன்னால் வந்து நின்றார். துணைக்காலும் சுழியும் சொல்லிக்கொடுத்திருந்த நேரம் அது. பிள்ளைகள் கட்டிய சொற்களை நான் ஒரே வரியில் எழுதி வைத்திருந்தேன்: மாமா மாடு பாட்டு பாடம்.

"யாரோட மாமா ஓய் மாடு?" என்றார்.

"அது வாக்கியம் இல்லீங்க. தனித்தனிச் சொல்."

"தனித்தனியா இருந்தாலும் அவர் மாமாதானே? பாவம்." சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார். வாசலில் திரும்பி, "இருநூத்து நாப்பத்தேழு எழுத்து இருக்கு. இந்தப் போக்குல போனா கடைசி எழுத்தை இதுங்களோட பேரப் பிள்ளைங்களுக்குத்தான் சொல்லிக்கொடுப்பீர்" என்றார்.

விஜயதசமிக்கு நிலைமை மோசமானது. அன்று புதிதாகச் சேர்கிற பிள்ளைகளை மாலை போட்டுக் கூட்டி வருவார்கள். வாத்தியார் மடியில் உட்காரவைத்து, அரிசித் தட்டில் பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்து எழுதவைக்க வேண்டும். எனக்கு முறை மேல் இருந்த பைத்தியத்தில், முதல் பிள்ளைக்கு 'அ' எழுதவைப்பதற்குப் பதில் 'ட' எழுதவைத்துவிட்டேன். கை தானாகப் போய்விட்டது. தட்டில் அரிசிக்கு நடுவே அந்த எழுத்து ஒடிந்த நாற்காலி மாதிரி உட்கார்ந்திருந்தது. பிள்ளையின் தாய் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உறைந்து நின்றாள்.

"என்ன வாத்தியாரே இது? பிள்ளைக்கு டானா போட்டுட்டீங்களே! சாமிக்கு முன்னாடி யாராச்சும் டானா போடுவாங்களா?"

அரிசியைக் கலைத்து, மறுபடி கற்பூரம் ஏற்றி, 'அ' எழுதவைத்து, அந்த அம்மாளைச் சமாதானப்படுத்தினார் பெரிய வாத்தியார். அன்றிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்கு டானா வாத்தியார் என்று பெயர். பாசாருக்குப் போனால் கத்திரிக்காய்க்காரர்கூட, "டானா வாத்தியாருக்கு நல்லதாப் பொறுக்கிப் போடுடா" என்பார். பெயர் கெட்டாலும் காய்கறி நல்லதாகக் கிடைத்தது.

இதெல்லாம் என் மானம் சம்பந்தப்பட்டது. அது ஏற்கெனவே பெரிதாக இருந்ததில்லை. உண்மையான சிக்கல் பொங்கலுக்குச் சில வாரம் முன்னால் வந்தது. பாயின்ஸ்மேன் ஒரு மாலை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அகன்ற தோள், மசகெண்ணெய் படிந்த கை. மகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"வாத்தியாரே, பொங்கல் கழிஞ்சதும் பாப்பாவை நிறுத்திக்கிறேன்."

"ஏன் அண்ணே?"

"அவ அம்மாவுக்கு வெள்ளக்காரர் பங்களாவுல ஆயா வேலை கிடைச்சிருக்கு. கைப்புள்ளைய யார் பாக்குறது? அடுத்த லயத்துல எங்க அக்கா இருக்கு. கேட்டா பாத்துக்கும். ஆனா அதுகிட்ட என்னன்னு சொல்லிக் கேக்குறது?"

"பிள்ளை படிக்கிறது என்று சொல்லுங்கள்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "போன வருஷமும் படிக்குதுன்னுதான் சொன்னீங்க. வீட்டுல வந்து புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு அழகாப் பாடும். நானும் அக்காவைக் கூப்பிட்டு, பாரு எம் பொண்ணு படிக்குதுன்னு காட்டுனேன். ஒருநாள் கைப்புள்ள புத்தகத்தைப் புடுங்கிக்கிட்டுத் தவழ்ந்து போயிருச்சு. பாப்பா அது பாட்டுக்குப் படிச்சுக்கிட்டே இருக்கு! அக்கா சிரிச்ச சிரிப்பு எனக்குத்தான் தெரியும்."

அக்கா கதையை முடித்துவிட்டு அவர் விஷயத்துக்கு வந்தார்.

"அது படிப்புன்னா இருக்கட்டும் வாத்தியாரே, நான் அக்கா கால்ல விழுந்தாவது அனுப்புறேன். பாட்டுன்னா வீட்டுலயே பாடட்டும். தம்பி தூங்கும்."

வாசலில் அந்தப் பெண் பிஸ்கட் டின்னைத் திறந்து அட்டைகளைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது படிப்பு வந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரியாத சொல்லைக் கொடுத்தால் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பிடித்துவிடுவாள். இன்னும் சில மாதம் விட்டால் யார் துணையும் இல்லாமல் படிப்பாள். இப்போது நிறுத்தினால் வந்ததும் போய்விடும்.

"உங்களுக்கு முன்னால் அவள் படித்துக் காட்டினால்?" என்று கேட்டேன்.

"எனக்கு எழுத்து தெரியாது. அது என்ன சொன்னாலும் சரின்னு தலையாட்டணும். அதுக்கு நான் எதுக்கு?" என்றார். "புத்தகம் வேணாம். அது பூரா மனப்பாடம். பொதுவுல எழுதியிருக்கிறதைப் படிக்கட்டும், பாக்கலாம்."

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் ஊர் ரயில் நிலையங்களில் பெயர்ப் பலகை நான்கு மொழி எழுத்தில் இருக்கும். அதில் தமிழும் ஒன்று. "ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு ரயிலில் போவோம். வழியில் ஒவ்வொரு நிலையத்துப் பலகையையும் அவள் படிப்பாள். ஒவ்வொரு நிலையமும் எதுவென்று உங்களுக்குத்தான் தெரியுமே! சரியா தப்பா என்று நீங்களே சொல்லலாம்" என்றேன். இவ்வளவு சுத்தமான பரிசோதனையை இருமல்காரர்கூட யோசித்திருக்க மாட்டார் என்று எனக்குள் ஒரு பெருமை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறினோம். அந்தப் பெண் தீபாவளிப் பாவாடை கட்டி, தலையில் எண்ணெய் வழிய, சன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வண்டி முதல் நிலையத்தில் நின்றது.

"பெட்டாலிங்!" என்றாள், பலகையைக் காட்டி.

பாயின்ஸ்மேன் தலையாட்டினார். நான் மீசையைத் தடவினேன்; இருந்த அளவுக்கு.

"பத்து தீகா!" என்றாள் பிறகு. சரி. எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவரிடம், "என் மாணவி" என்று மலாயில் சொன்னேன். அவர் தன் கோழிக் கூடையை என் பக்கத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவள் அப்பா முறுக்கு கொடுத்தார். அவள் சன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து கடித்தாள். வெளியே ரப்பர் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நிலையம் எதுவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

"பாடாங் ஜாவா" என்றாள் முறுக்குக்கு நடுவே.

"எங்கே?" என்றேன்.

"இனிமேத்தான் ஐயா வரும். அதுக்கப்புறம் கிள்ளான். அதுக்கப்புறம் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அத்தோட தண்டவாளம் முடிஞ்சுரும். திரும்பி வரும்போது சொல்லவா? கிள்ளான், பாடாங் ஜாவா, பத்து தீகா..."

பாயின்ஸ்மேன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். "வாத்தியாரே, இதெல்லாம் இதுக்குப் பால் குடிக்கிறப்பவே தெரியும். எனக்குத் தாலாட்டுப் பாட வராது. தொட்டில ஆட்டிக்கிட்டு ஸ்டேசன் பேர வரிசையாச் சொல்லுவேன். கிள்ளான் வர்றதுக்குள்ள தூங்கிரும்."

ரயில்வே லயத்துப் பிள்ளையை ரயில் நிலையப் பெயரில் சோதிக்கப் போனவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அது மட்டுமா? 'பெட்டாலிங்' என்ற பெயரில் முதல் எழுத்துக்கே ஒற்றைக்கொம்பு இருக்கிறது. கொம்பு வைத்த எழுத்து எதையும் நான் அதுவரை சொல்லிக்கொடுக்கவே இல்லை. சொல்லிக்கொடுக்காத எழுத்தை அவள் படித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மீசை தடவுகிற அவசரத்தில் வரவில்லை.

கிள்ளானில் இறங்கி, திரும்புகிற வண்டிக்கு நேரம் இருந்ததால் பாசாருக்குப் போனோம். பாயின்ஸ்மேன் ஒரு கூடை நண்டு வாங்கினார். வந்த வேலை அவருக்கு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. வழியில் ஒரு கடைப் பலகையைக் காட்டி, "இதைப் படி" என்றேன்.

அவள் நின்று கூட்டினாள். "து... ணி... துணி. துணி க..." கடைசி எழுத்தில் தயங்கி என் முகத்தைப் பார்த்து, "துணிக் கடை!" என்றாள்.

"வாசல்ல வேட்டி தொங்குது" என்றார் அப்பா. "கைப்புள்ளகூடச் சொல்லும். அதோட, பாப்பா உங்க வாயைல்ல பாக்குது. நீங்க முணுமுணுன்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்க."

நான் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஆமாம், 'டை' என்று சொன்ன வாக்கில் விரிந்தபடி இருந்தது. இருமல்காரர் எச்சரித்தது இதைத்தான்.

ரயிலடிக்குத் திரும்புகிற சந்தில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய கிட்டங்கி இருந்தது. அரிசி மூட்டை அடுக்குகிற கிட்டங்கியாக ஒரு காலத்தில் இருந்திருக்கும். அதன் சுவரை ஒட்டி ஒரு நீள மரப்பெஞ்சு, மேலே கூரை நிழல். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பாயின்ஸ்மேன் நண்டுக் கூடையோடு நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் எதிரே நின்று சுவரைப் பார்த்து, "அங்க என்னமோ எழுதியிருக்கு" என்றாள்.

"தமிழா?" என்று கேட்டேன், திரும்பிப் பார்க்காமல்.

"ஆமா ஐயா. சுண்ணாம்புக் கட்டியில."

இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. புத்தகம் இல்லை, படம் இல்லை, நிலையம் இல்லை, வாசலில் வேட்டி தொங்கவில்லை. என் உதடு மட்டும்தான் பாக்கி. நானும் அந்த எழுத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டால் என் உதட்டுக்கும் விடை தெரியாது. சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பீரமாகப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இவள் ஒருத்திதான் பார்க்கிறாள். படிம்மா. அவசரப்படாதே."

அவள் ஒரு விரலைக் காற்றில் நீட்டினாள்.

"மரம்" என்றாள் உடனே. பிறகு மெதுவாக, "அ... ரி... ச்... சி..."

"ஆகா. நிதானமாக."

"...ரு... க்... கு. அரிச்சி... அரிச்சிருக்கு."

"சபாஷ்!" என்றேன். ஏழெழுத்துச் சொல்! ஓர் எழுத்து விடாமல், என் முகத்தைப் பார்க்காமல், முதலிலிருந்து ராகம் போடாமல்! ஆனந்தம் தாங்காமல் பெஞ்சில் ஒருமுறை குதித்து உட்கார்ந்தேன். "கேட்டீர்களா அண்ணே? மரம் அரிச்சிருக்கு! எவ்வளவு கஷ்டமான சொல்! அடுத்ததும் படி."

பாயின்ஸ்மேன் நண்டுக் கூடையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் பார்வை என் முகத்தில் இல்லை. எனக்குக் கீழே இருந்தது. "வாத்தியாரே..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதீர்கள், பிள்ளைக்குக் கவனம் சிதறும். படிம்மா."

"உ... ட்... கா... ரா..." அவள் நின்றுவிட்டாள். "ஐயா, அடுத்த எழுத்துக்கு முன்னாடி ஒரு கொம்பு நிக்குது. நீங்க அது இன்னும் சொல்லித் தரல."

"பரவாயில்லை. நாமாகச் சொல்லிவிடக் கூடாது, அதுதான் முறை. நீயே யோசி. உட்காரா...? உட்காரா...?" தொடையில் தட்டித் தாளம் போட்டேன்.

"உட்காராதா? உட்காராது?"

"இன்னும் யோசி!" என்று இன்னொரு முறை குதித்தேன்.

பெஞ்சு சத்தம்கூடப் போடவில்லை. பிட்டில் கைவைத்த மாதிரி, பொடிப்பொடியாக என்னோடு கீழே இறங்கியது. என் கால்கள் மேலே போயின. அந்தக் கோணத்தில், தலைகீழாக, சுவரில் எழுதியிருந்தது எனக்கே முதன்முறையாகத் தெரிந்தது.

"தே!" என்று கத்தினாள் அவள், கைதட்டி. "உட்காராதே! ஐயா, உட்காராதே!"

சொல்லித் தராத எழுத்தை அவளுக்கு என் முதுகு சொல்லித் தந்துவிட்டது.

பாயின்ஸ்மேன் முதலில் நண்டுகளைக் காப்பாற்றினார். பிறகு என்னைத் தூக்கிவிட்டார். பிறகுதான் சிரித்தார், சந்து முனையிலிருந்த மலாய்க் காப்பிக் கடைக்காரர் வெளியே வந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் வாத்தியாரே. பாப்பா 'அரிச்சிருக்கு'ன்ன உடனே கீழ பாத்தேன், கால் பக்கம் பூரா கரையான் மண்ணு. நீங்கதான் பேச விடலியே லா!"

எனக்கு வெட்கமாக இருந்தது, இடுப்பைவிட மூளையில்தான் வலி அதிகம். மரம் அரித்திருக்கிறது என்று என் மாணவி தெள்ளத்தெளிவாகச் சொல்லிவிட்டாள். அந்த மரத்தின் மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன். நான் எண்ணிக்கொண்டிருந்தது எழுத்துகளை. சொன்ன செய்தி என் காதுக்குள் போகவே இல்லை. போன வருடம் என் வகுப்பு எப்படிக் கிளிக்குப் பசி என்று பாடியதோ, அப்படித்தான் நானும் அதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன்: மரம் அரிச்சிருக்கு, சபாஷ், அடுத்தது.

பாயின்ஸ்மேன் சிரித்து முடித்து, உடைந்த பலகையில் ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தார். அது மாவாக உதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு சுவருக்கு அருகே போனார்.

"பாப்பா, இதுல எது மரம்?"

அவள் வந்து முதல் சொல்லைத் தொட்டாள். கண்ணை மூடவில்லை, முதலிலிருந்து பாடவில்லை. "இதான்ப்பா."

"உட்காராதேங்கிறது?"

தொட்டாள்.

அவர் மசகு படிந்த விரலை அந்த எழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சுண்ணாம்பு அழிந்துவிடப் போகிறதே என்று தொடாமல் நிறுத்திக்கொண்டார். "எவனோ நாலு பேருக்கு நல்லதுன்னு எழுதி வச்சிருக்கான். எனக்கு இது வெறும் கிறுக்கலாத்தான் தெரிஞ்சிச்சு. நானும் உக்காந்திருப்பேன், இடமிருந்தா" என்றார்.

திரும்பும் வண்டியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், நான் நின்றேன். பாடாங் ஜாவா தாண்டியதும் பாயின்ஸ்மேன் சொன்னார்: "அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். கைப்புள்ளைய அது பாத்துக்கும். நடந்ததை அப்படியே சொல்லப்போறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க விழுந்ததைச் சொன்னாத்தான் அது நம்பும்."

"எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை நான் நொண்டிக்கொண்டே பிரிக்ஃபீல்ட்ஸ் சாலையில் நடந்தபோது, எண்ணெய்க்காரர் முதல் கத்திரிக்காய்க்காரர் வரை எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. பெரிய வாத்தியார் பள்ளிக்கூட வாசலிலேயே நின்று, "வாரும் ஓய். பரிசோதனையில பெஞ்சு தேறலையாமே?" என்றார். ஆனால் அன்றிலிருந்து என் கரும்பலகைப் பக்கம் வந்து மாமாவைப் பற்றி விசாரிப்பதை நிறுத்திக்கொண்டார். சில நாள் கழித்து, பிஸ்கட் டின் இன்னொன்று எங்கே கிடைக்கும் என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார்.

பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று அந்தப் பெண் வந்தாள். அவளோடு அவள் அத்தையின் மகளும் வந்தாள். 'அந்தப் பள்ளிக்கூடத்துல அப்படி என்னதான் நடக்குதுன்னு பாத்துட்டு வா' என்று அத்தை அனுப்பி வைத்தாளாம். அன்றைய பாடம் இரட்டைக்கொம்பு. உதாரணத்துக்கு ஒரு சொல் சொல்லுங்கள் என்று நான் கேட்கும் முன்பே வகுப்பு முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஏன் என்று புரியாமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் நாற்காலியை நோக்கி நடந்தேன்.

நாற்காலியின் முதுகுப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் கோணல்மாணலாக எழுதியிருந்தது. உட்காராதே. எழுத்து ஒன்றும் விடுபடவில்லை. கொம்பு போட வேண்டிய இடத்தில் சரியாகப் போட்டிருந்தது. சொல்லித் தருவதற்கு முன்னாலேயே.

யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. இந்த முறை எழுதியிருந்ததை நம்பினேன். அன்று முழுவதும் நின்றபடியே பாடம் நடத்தினேன்.